எழுபது வளைவும் எங்கள் வீட்டு ஜிப்ஸியும்

சமையல் குறிப்பும் கைவைத்தியமும் வருகிற பக்கத்தில் கார் ரிப்பேரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே இவள் என்று சகோதரிகள் நினைக்கலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என்றால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கார் என்றால் ஏறி உட்காருவது, வயிற்றைப் புரட்டினால் நிறுத்தச் சொல்வது, இறங்கிக் கொள்வது. இதற்கு மேல் நமக்கு அதில் என்ன வேலை என்றுதான் இருந்தேன். இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் வண்டி நோட்டு ஒன்று இருக்கிறது. அதை எழுதுவது நான்தான். அது எப்படி என் கைக்கு வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் இருப்பது கொல்லிமலையில் எடப்புளி நாடு. கொல்லிமலை என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆகாய கங்கையையும் அறப்பளீசுவரர் கோயிலையும் சொல்வார்கள். எங்களுக்கு மலை என்றாலே ரோடுதான் முதலில் ஞாபகம் வரும். அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து சோளக்காடு வந்து சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு நம்பர் போட்டிருக்கும். பிரசவம், பல்வலி, கல்யாண ஜவுளி, பிள்ளைகளின் காலேஜ் என்று எதுவானாலும் இந்த எழுபதையும் இறங்கி ஏறியாக வேண்டும்.

2021-ல் மிளகு விற்ற பணம் கையில் இருந்தது. மாமியாருக்கு மூச்சிரைப்பு. ராத்திரியில் வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் ஜீப்புக்கு ஓட வேண்டியிருந்தது. பழைய வண்டி ஒன்று வாங்கிப் போடலாம் என்று பேச்சு வந்தது. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன், "நான் பாத்துட்டேம்மா. ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வருது, நல்ல விலைக்கு" என்று போனில் சொன்னான். எனக்கு பகீர் என்றது. சினிமாவில் கதாநாயகன் தலைமுடி பறக்க ஓட்டி வருவானே, தரையோடு தரையாக, இரண்டே பேர் உட்காருகிற மாதிரி! அதில் மாமியாரை எங்கே உட்கார வைப்பது, மிளகு மூட்டையை எங்கே வைப்பது?

வந்து நின்றதோ நெட்டையாக, கான்வாஸ் கூரையும் தடித்தடியான டயர்களுமாக ஒரு மாருதி ஜிப்ஸி. 2004-ம் வருஷத்து வண்டி. முந்தி வைத்திருந்தவர் ராலிப் பந்தயங்களுக்கு ஓட்டியிருக்கிறார். கதவில் பந்தய நம்பர் ஒட்டியிருந்து உரித்த தடம். உள்ளே இரும்புக் குழாய்களை வளைத்துக் கூண்டு. "இதுதாம்மா நம்ம நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஜப்பான்காரர்களின் சுஸூகி எஸ்.ஜே. 410 என்ற வண்டியை வைத்து 1985-ல் இங்கே வந்தது ஜிப்ஸி. ராணுவத்திலும் போலீசிலும் ஓடியதோடு, ரெய்ட் டி ஹிமாலயா போன்ற மலைப் பந்தயங்களிலும் பேர் வாங்கிய வண்டி. இப்போது பொதுமக்களுக்கு அதைத் தயாரித்து விற்பது நின்றுவிட்டது. அதனால் பழைய வண்டிக்கே கிராக்கி. கோயமுத்தூர் வேறு பந்தயக்கார ஊர். கரிவர்தன் என்பவர் மாருதி 800 இன்ஜினை வைத்தே பந்தயக் கார் செய்தாராம். 1995-ல் அவர் விமான விபத்தில் காலமான பிறகு, செட்டிபாளையத்தில் உள்ள பந்தயச் சாலைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் மகன் சொல்லித் தெரிந்து கொண்டது. பந்தயத்தில் ஓடிய வண்டி என்றால் பெருமை என்று அவன் நினைத்தான். அடி வாங்கிய வண்டி என்று எனக்குத் தோன்றியது. இரண்டுமே சரிதான் என்பது பிற்பாடு தெரிந்தது.

வாங்கிய புதிதில் எல்லாம் நன்றாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரர். பெட்ரோல் விஷயத்தில் மட்டும் மகா சிக்கனம். மலை ஏறும்போது லிட்டருக்கு எட்டுகூடக் கொடுக்காத வண்டி அது. அதை ஈடுகட்ட, இறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்குவார். "சும்மா உருளுது பார், ஒரு சொட்டு செலவில்லை" என்பார். எனக்கு என்ன தெரியும்? சரி என்றிருந்தேன்.

2023 தை மாதம். மகளுக்கு ஏழாம் மாதம். ஸ்கேன் எடுக்க நாமக்கல்லுக்குப் புறப்பட்டோம். முன்னால் மகள். பின்னால் பக்கவாட்டு சீட்டில் நான், எதிரில் இரண்டு மிளகு மூட்டை. போகிற போக்கில் மூட்டையையும் போட்டுவிடலாம் என்று அவருடைய யோசனை. பாதி மலைக்கும் கீழே இறங்கியிருப்போம். ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. "எங்கியோ குப்பை எரிக்கிறாங்க" என்றார். அடுத்த வளைவு நெருங்கியது. அவர் கால் பிரேக்கில் இருக்கிறது, வண்டியோ குறையவில்லை. அவர் முகத்தை முன் கண்ணாடியில் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"பிரேக் உள்ளே போகுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மகள் வயிற்றைக் கட்டிக்கொண்டாள். அவர் கிளட்சை அழுத்தி மூன்றாவது கியருக்கும் அங்கிருந்து இரண்டாவதுக்கும் தள்ளினார். வண்டி வீறிட்டது. கால் பிரேக்கைக் குத்திக் குத்தி மிதித்துக்கொண்டே கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வளைவில் எதிரே பஸ் வரவில்லை. அது மலைமேல் இருக்கிற சாமியின் புண்ணியம். வளைவைத் தாண்டி மலைப் பக்கத்து வாய்க்காலில் இடது சக்கரத்தை இறக்கி, மண் மேட்டில் உரசி நிறுத்தினார். மிளகு மூட்டை ஒன்று என் காலில் வந்து விழுந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். மகளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். யாரும் பேசவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவர் போய் பிரேக்கை மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கெட்டியாக நிற்கிறது! "சரியாப் போச்சு, ஏறுங்க" என்றார். நான் ஏறவில்லை. மகளையும் ஏற விடவில்லை. கீழே இறங்கிக் கொண்டிருந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி நாங்கள் இருவரும் அதில் போனோம். அவர் முதல் கியரிலேயே வண்டியை ஊர்ந்து ஊர்ந்து இறக்கிக் கொண்டு வந்தார். இருபது வருஷத்துக்கு மேலான தாம்பத்தியத்தில் அவர் ஓட்டும் வண்டியில் ஏற மாட்டேன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாமக்கல் லாரி பாடி கட்டுகிற ஊர். பட்டறைகளுக்குக் குறைவே இல்லை. ஸ்கேன் முடிந்து மகளை உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, நானும் பட்டறைக்குப் போனேன். "நீ எதுக்கு அங்கெல்லாம்?" என்றார் அவர். போனேன். மெக்கானிக் தம்பி பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, கொஞ்சம் எடுத்துத் தாளில் விட்டுக் காட்டினான். காப்பி டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. "அக்கா, இது புதுசுல தேங்காய் எண்ணெய் மாதிரித் தெளிவா இருக்கும். எப்போ மாத்துனீங்க?" என்றான். நாங்கள் மாற்றவே இல்லை. விற்றவர் எப்போது மாற்றினாரோ!

அந்தத் தம்பி சொன்னதை அப்படியே சொல்கிறேன். வீட்டில் கார் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டிய விஷயம் இது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும். மூடி சரியாக மூடாத டப்பாவில் உப்பு கசிகிறதில்லையா, அந்த மாதிரி. எங்கள் மலையில் வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டம், கேட்கவே வேண்டாம். ஈரம் சேரச் சேர அது கொதிக்கிற சூடு குறைந்துகொண்டே வரும். பிரேக்கை விடாமல் மிதித்து இறங்கினால் சக்கரத்திலுள்ள தட்டு பழுக்கக் காய்ந்து, அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறி, குழாய்க்குள்ளேயே அது கொதித்து ஆவிக் குமிழ் விட்டுவிடும். எண்ணெயை அழுத்தினால் அது சக்கரத்துக்குப் போய் வேலை செய்யும். குமிழை அழுத்தினால் குமிழ்தான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. ஆறினதும் குமிழ் மறைந்து பிரேக் திரும்ப வந்துவிடும். அதனால்தான் பலர் "சரியாகிவிட்டது" என்று ஏமாந்து மறுபடி ஓட்டி, இன்னும் கீழே போய் மாட்டிக் கொள்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுக்க வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். மலையில் இருப்பவர்கள் அதற்கும் முன்னாலேயே மாற்றினால் நல்லது. செலவு ஒரு பட்டுப் பாவாடை விலைகூட ஆகாது.

என் வீட்டுக்காரருக்கு அடுத்த சேதிதான் அதிர்ச்சி. "நியூட்ரல்ல இறங்குனா பெட்ரோல் மிச்சம்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டான் அந்தத் தம்பி. எங்கள் வண்டி கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் வைத்துப் பெட்ரோல் பீச்சுகிற மாடல். கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சரிவில் சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். பெட்ரோல் பீச்சுவது அறவே நின்றுவிடும். நியூட்ரலில் தள்ளினால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும்! ஆக, இத்தனை நாளும் நாங்கள் பிரேக்கையும் தேய்த்து, பெட்ரோலையும் செலவழித்திருக்கிறோம். எந்தக் கியரில் ஏறுகிற மேடோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய லாரிக்காரர்கள் பாடம். இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவுகிற காற்றழுத்தமும் போய்விடும், எத்தனை பலமாக மிதித்தாலும் பலகையை மிதிப்பது போல இருக்கும்.

அவர் ஒன்றும் சொல்லாமல் பீடிக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. பிரேக் போனபோது கியரைத் தள்ளி எங்களைக் காப்பாற்றியதும் அவர்தான், அதை மறக்க முடியுமா?

அன்றைக்கு ராத்திரி நான் நோட்டுப் போட்டேன். முதல் பக்கத்தில் பிரேக் ஆயில் மாற்றிய தேதி. அதன்பின் தம்பியிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு எழுதியதுதான் மீதி. எல்லாவற்றையும் இங்கே எழுத இடம் போதாது. பழைய வண்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு உதவக் கூடியதை மட்டும் சொல்கிறேன்.

ரேடியேட்டரை நான் சீக்கிரமே புரிந்துகொண்டேன். அதன் மூடி குக்கர் வெயிட் செய்கிற வேலையைச் செய்கிறது. எங்கள் மலை உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் மலையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் போன மூடி, வாஷர் போன குக்கர்தான். ஏறும்போது வண்டி சூடாகிறது என்று சொல்லி இன்ஜினையே பிரிக்கச் சொன்னவர்கள் உண்டு. எங்களுக்குக் கடைசியில் ஒரு மூடியும் ஒரு ஹோஸும் மாற்றியதில் தீர்ந்தது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. குக்கரில் ஆவி அடங்குமுன் திறந்து மார்பைச் சுட்டுக்கொண்ட பெண்களை நமக்குத் தெரியும். இதுவும் அதேதான், இன்னும் கொடுமை. சுட்டுவிட்டால் இங்க், மாவு, பற்பசை ஒன்றும் தடவாமல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்றிக்கொண்டே இருந்து டாக்டரிடம் போக வேண்டும்.

ஊற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே துருவும் காரையும் படிய விட்டிருந்தோம். இப்போது கூலண்ட்தான் ஊற்றுகிறோம். இளம் தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. கூலண்ட் பச்சையாக, சிவப்பாக, சர்பத் மாதிரி இருக்கும். ருசியும் இனிப்பு. ஆனால் பொல்லாத விஷம், சிறுநீரகத்தையே பாதிக்கும். மிச்சத்தை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது. கீழே சிந்தினால் நாய்கூட நக்கும், உடனே கழுவி விடுங்கள்.

டயர் விஷயத்தில் நான் ஏமாந்தேன். பட்டன் எல்லாம் ஆழமாக இருக்கிறதே, இன்னும் மூன்று வருஷம் வரும் என்றிருந்தேன். மெக்கானிக் தம்பி டயரின் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண்ணைக் காட்டினான். 2312 என்று இருந்தது. 2012-ம் வருஷத்தில் இருபத்து மூன்றாவது வாரம் செய்தது என்று அர்த்தமாம். பதினோரு வயசு ரப்பர்! விரலால் வளைத்துப் பார்த்தால் பொடிப்பொடியாக வெடிப்பு. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணைப் பாருங்கள். பந்தயத்துக்காகப் போட்ட அகல டயரை எடுத்துவிட்டுக் கம்பெனி அளவுக்கே மாற்றினோம். ஸ்டியரிங் லேசானது. கம்பெனி அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றினால் சட்டப்படி தப்பு. விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸிலும் தகராறு வரலாம்.

ஜிப்ஸிக்கே உரிய வியாதி ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சின்னப் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் வெறி பிடித்த மாதிரி ஆடும். எங்கள் வண்டியில் முன் அச்சிலுள்ள கிங் பின் பேரிங் தேய்ந்திருந்தது. பந்தயத்தில் பட்ட அடி. அதோடு பட்டை ஸ்பிரிங்குகளுக்கும் ஷாஃப்ட் கிராஸுக்கும் கிரீஸ் அடிப்பதே இல்லை. வாழைத் தோப்பில் வேலை செய்கிறவர்களுக்கு முழங்காலில் எண்ணெய் போட வேண்டாமா? கிரீஸ் அடிக்கும் நாளையும் இப்போது நோட்டில் குறிக்கிறேன். இன்ஜினுக்குள் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. அது அறுந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். முந்தினவர் எப்போது மாற்றினார் என்பதற்குச் சீட்டு இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுவது உத்தமம்.

பாட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, வாஸலின் தடவுங்கள். கையில் உறை போட்டுக் கொள்ளுங்கள், அது ஆசிட். எலித் தொல்லைக்கு ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். வண்டி நிற்கிற இடத்தில் பலாக்கொட்டையும் மரவள்ளிக் கிழங்கும் கொட்டி வைத்துவிட்டு எலி வருகிறதே என்றால் என்ன செய்வது? அவற்றை வேறு இடத்துக்கு மாற்றியதும் ஒயர் கடிப்பது பெரும்பாலும் நின்றது.

கான்வாஸ் கூரையை மட்டும் யார் உதவியும் இல்லாமல் நானே பார்த்துக்கொண்டேன். தையல் விட்டு மழை ஒழுகியது. புதிதாகப் போடக் கேட்ட கூலியில் ஒரு கிராம் தங்கமே வாங்கிவிடலாம் போலிருந்தது. என் தையல் மெஷினில் தடித்த ஊசி மாற்றி, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டேன். தையல் மேல் மெழுகு தேய்த்தேன். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, சொட்டவில்லை. நனைந்த கூரையைச் சுருட்டி வைக்காமல் வெயிலில் காயப் போட்டால் பூசணம் வராது. கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. சருகு அடைத்துக்கொண்டால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். ஒரு ஈர்க்குச்சி போதும்.

இனி ஆரோக்கியத்தைப் பற்றி. கூரையை மூடிக்கொண்டு போகும்போதெல்லாம் மாமியாருக்குத் தலைவலி. வளைவில் வருகிற மயக்கம் என்று எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தோம். ஆனால் சமவெளியில் நாமக்கல் ரோட்டிலும் வலித்தது. பார்த்தால் சைலன்ஸர் குழாயில் விரல் நுழைகிற ஓட்டை, புகை பின்பக்கமாக உள்ளே வருகிறது. இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்கிற வாயு இருக்கிறது. அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், அசதி, குழந்தைகளானால் ஒரேயடியாகத் தூக்கம் என்று வரும். "வண்டியில ஏறினாலே புள்ளை தூங்கிடுது" என்று சந்தோஷப்படுகிறோமே, பழைய வண்டியானால் ஒரு தடவை சைலன்ஸரையும் பார்த்துவிடுங்கள். மூடின ஷெட்டில் இன்ஜினை ஓட விடவே வேண்டாம்.

நிஜமாகவே வளைவினால் வருகிற வாந்திக்கு, புறப்படுமுன் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். செல்போனைப் பார்க்காமல் முன்னால் தூரத்து ரோட்டைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் இஞ்சி மெல்லலாம்.

ஜிப்ஸியின் பின்பக்கத்துப் பக்கவாட்டு சீட்டுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு உறுத்தல்தான். எங்கள் வண்டியில் அங்கே பெல்ட் கிடையாது. கல்யாணம் காட்சி என்றால் பிள்ளைகள் அத்தனை பேரையும் அதில்தான் அடைப்போம். 2019-ல் வந்த சட்டத் திருத்தப்படி பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ கட்டாயம். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவதும் தப்பு. திடீரென்று பிரேக் போட்டால் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த நம்மால் முடியாது, நம் எடையும் சேர்ந்து அதன்மேல் விழும். மலை இறங்க பேத்தியை பஸ்ஸில் கூட்டிப் போவதா, ஜிப்ஸியிலா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது. ஜிப்ஸிக்குப் பின்னால் முன்பார்த்த சீட்டும் பெல்ட்டும், முறைப்படி அனுமதி வாங்கி, போடுகிற வரை பஸ்தான் என்று நான் சொல்லிவிட்டேன். "ஊர் உலகத்துல யாரு இப்படிப் பாக்கறா?" என்கிறார் அவர். பார்க்காமல் இருந்ததன் லட்சணத்தைத்தான் தை மாதத்தில் பார்த்தோமே என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

பழைய வண்டிக்குக் காகிதமும் ஒரு பராமரிப்புதான். 29, 30 என்ற இரண்டு பாரங்களிலும் கையெழுத்து வாங்கி ஆர்.சி.யைப் பெயர் மாற்றாமல், விற்றவர் பேரிலேயே ஓட்டுகிறவர்கள் எங்கள் மலையில் நிறைய. சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருஷத்துக்குத்தான். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு 2024-ல் அந்த முறை வந்தது. ஆய்வாளர் முன்னால் வண்டி பிரேக் பிடித்து நின்றபோது, பரீட்சை எழுதிய பிள்ளை பாஸான மாதிரி எனக்கு இருந்தது. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களையும் மாற்றச் சொல்லி மெக்கானிக் தம்பி சொன்னான். மாற்றினோம். பெட்ரோல் வாடை வந்தால் அலட்சியம் வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நாற்பத்து நான்கு வயதில் எல்.எல்.ஆர். போடப் போனபோது வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. "இவளை யாரு பாத்துட்டிருக்கா, என்ன சொல்லுவாங்க" என்று முனகினார். எனக்காகப் பேசியது யார் தெரியுமா? என் மாமியார்! "ஏன்டா, ராத்திரி எனக்கு மூச்சு வாங்கி நீ ஊர்ல இல்லேன்னா, ஊரா வந்து கூட்டிட்டுப் போவும்? அவ கத்துக்கட்டும்" என்றார். அதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை. சோளக்காட்டுச் சந்தைக்கு முதலில் தனியாக ஓட்டிக்கொண்டு போன அன்று வாழைத்தார் ஏற்றுகிற பையன்கள் கைதட்டினார்கள். கிளட்சை விடத் தெரியாமல் அவர்கள் முன்னாலேயே இரண்டு தரம் அணைந்து போனது.

எழுபது வளைவையும் நான் இறங்கியது போன ஆவணியில்தான். இரண்டாவது கியர். பக்கத்தில் அவர். ஐம்பதாம் வளைவுவரை "மெதுவா, மெதுவா" என்றுகொண்டே வந்தார். அதன்பின் பேச்சைக் காணோம். திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்து தூங்கிக் கொண்டிருக்கிறார். காரவள்ளியில் டீக்கடை ஓரம் நிறுத்தி எழுப்பினேன். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடே இல்லியே" என்றார். இரண்டு டீ சொன்னார்.

இந்த வாரம் நோட்டைப் புரட்டினேன். பிரேக் ஆயில் மாற்ற வேண்டிய மாதம் நெருங்கிவிட்டது. அந்தப் பக்கம் முழுக்கப் பேத்தி பச்சை பென்சிலால் வட்டம் வட்டமாகக் கிறுக்கி வைத்திருக்கிறாள். தேதி மட்டும் தெரிகிறது.